பிரைமர் தீர்ந்த பின் மிஞ்சுவது என்ன? அவசரகாலச் சேமிப்பில் தோட்டா ரீலோடிங்கின் இடம்

பதிவு 1 – புதுத்தராசு

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிதான், எப்போதாவது .308 ரைஃபிள். 2020ஆம் ஆண்டு கோடையில் கடைகளில் தோட்டா அலமாரிகள் துடைத்துவிட்டதுபோல் கிடந்ததையும், கிடைத்த ஒன்றிரண்டு பெட்டிகளுக்கு முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்டதையும் பார்த்த பிறகுதான், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து மறுபடியும் நிரப்பும் ரீலோடிங் பக்கம் என் மனம் திரும்பியது. அவசரகாலத்துக்கென்று வீட்டில் தண்ணீர், உணவு, மருந்து ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

இப்போது என்னிடம் ஒரு பிரஸ் (தோட்டாவை அழுத்திப் பூட்டும் நெம்புகோல் கருவி), தராசு, டைகள் (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகள்), ஏறத்தாழ 3,000 பித்தளைக் கூடுகள், 2,000 குண்டுகள் (கூட்டின் முனையிலிருந்து பாய்ந்து செல்பவை), 4 பவுண்டு பவுடர், 600 பிரைமர்கள் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) உள்ளன. இனிமேல் கடையில் தட்டுப்பாடு வந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்று எண்ணிக்கொள்ளலாமா, அல்லது எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேனா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி ஏதும் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 – பித்தளைக்காரர்

உங்கள் பட்டியலை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், நண்பரே. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்குச் சுமார் 5 கிரெய்ன் பவுடர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டில் 1,400 தோட்டாக்கள், நான்கு பவுண்டில் 5,600 தோட்டாக்கள். கூடுகள் 3,000; குண்டுகள் 2,000. ஆனால் பிரைமர் 600தான் என்பதால், உங்களிடம் உண்மையில் இருப்பது 600 தோட்டாக்கள் மட்டுமே. மற்றவையெல்லாம் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும் உலோகமும் தூளும் தான். அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அந்த அச்சாணி இங்கே பிரைமர்.

ஒரு தோட்டாவில் நான்கே பகுதிகள் உள்ளன. அவற்றில் பித்தளைக் கூடு திரும்பத் திரும்பப் பயன்படும்; குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் கைத்துப்பாக்கிக் கூடுகள் பத்து முறைக்கு மேலும் தாங்கும், ரைஃபிள் கூடுகள் அதைவிட மிகக் குறைவாகத் தாங்கும். குண்டைத் தேவைப்பட்டால் ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம். பவுடரை வீட்டில் செய்ய முடியாது, ஆனால் அது சரியான இடத்தில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். பிரைமரை ஒருமுறை அடித்தால் முடிந்தது. அதை வார்க்கவும் முடியாது, திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. ஆகவே, ரீலோடிங் நம்மைக் கடையிலிருந்து விடுவிக்கிறது என்பது பாதி உண்மைதான். கடையை நம்பியிருப்பதை அது தோட்டாப் பெட்டியிலிருந்து பிரைமர் தட்டுக்கு இடம் மாற்றுகிறது.

.308க்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. அதில் ஒரு தோட்டாவுக்கு 45 கிரெய்ன் அளவுக்குப் பவுடர் போகும் என்பதால், ஒரு பவுண்டு 155 தோட்டாக்களோடு தீர்ந்துவிடும். கைத்துப்பாக்கிக்காரருக்குப் பிரைமர் முதலில் தீரும். ரைஃபிள்காரருக்குப் பவுடர் முதலில் தீரும். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்து வாங்குபவர்கள்தான் தட்டுப்பாட்டுக் காலத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

பதிவு 3 – கணக்கன்

பிரைமர் ஏன் இப்படி முதலில் மறைந்துபோகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த தட்டுப்பாடு வருவதைக் கொஞ்சம் முன்கூட்டியே உணரலாம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் பிரைமரைப் பெரிய அளவில் செய்பவை ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன் என்ற நான்கு பெயர்கள். 2020ஆம் ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் நடவடிக்கைக்குச் சென்றது. ஆர்கன்சாவின் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை, ஃபெடரலையும் சிசிஐயையும் ஏற்கெனவே வைத்திருந்த விஸ்டா நிறுவனமே ஏறத்தாழ 81 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதாவது, நான்கு பெயர்களில் மூன்று ஒரே கூரையின்கீழ் வந்தன. நான்காவதான வின்செஸ்டர் ஓலின் நிறுவனத்துடையது. அதே காலத்தில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். விஸ்டாவின் நிலுவை ஆர்டர்கள் மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டின.

இந்த நிலையில் ஓர் ஆலை தன் பிரைமர்களை எங்கே அனுப்பும் என்று யோசித்துப் பாருங்கள். முழுத் தோட்டாவாக விற்றால் கிடைக்கும் லாபம், பிரைமரைத் தனியாகத் தட்டில் அடுக்கி விற்றால் கிடைக்காது. எனவே தட்டுப்பாடு வந்தவுடன் தனிப் பிரைமர் விற்பனை ஓய்ந்துவிடுகிறது. தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்டவும் எளிதில் முடிவதில்லை. பிரைமரின் உள்ளே இருக்கும் ஈய ஸ்டிஃப்னேட் உலர்ந்த நிலையில் உரசலுக்கும் நிலைமின்சாரத்துக்கும் வெடிக்கக்கூடியது என்பதால், கலவையை ஈரமாகவே வைத்துச் சிறு கிண்ணங்களில் நிரப்புகிறார்கள். இந்த வேலைக்குப் பழகிய கைகள் வேண்டும். தனித்தனிச் சுவர் அறைகள் வேண்டும். இன்னொரு வரிசையைச் சேர்ப்பது ரொட்டி ஆலையில் இன்னொரு அடுப்பு வைப்பது போன்றதல்ல.

என் குறிப்பேட்டில் 2019இல் ஆயிரம் பிரைமர் 32 டாலர் என்று எழுதியிருக்கிறேன். 2021இல் அதே தட்டுக்கு அதே ஊரில் என்னிடம் 150 டாலர் கேட்டார்கள். அந்த விலைக்கு வாங்கிச் செய்திருந்தால், என் ரீலோட் செய்த தோட்டா, 2019இல் கடையில் வாங்கிய புதுத் தோட்டாவைவிட விலை கூடியதாக இருந்திருக்கும்.

பதிவு 4 – மலைச்சாரல்

இதில் அரசாங்கத்தின் கை இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்களே? 2013இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை எல்லாத் தோட்டாவையும் வாங்கிக் குவித்ததாகவும், மிசௌரியில் ஈய உருக்காலையை மூடிக் குண்டு உற்பத்தியை நெரித்ததாகவும் படித்திருக்கிறேன்.

பதிவு 5 – கணக்கன்

இரண்டுமே அரை உண்மையைப் பிடித்துக்கொண்டு முழுப் பொய்யாக வளர்ந்த கதைகள். ஹெர்குலேனியம் என்ற ஊரில் டோ ரன் நிறுவனத்தின் உருக்காலை 2013 டிசம்பரில் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் அது தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுக்கும் ஆலை. தோட்டா ஆலைகள் பெரும்பாலும் வாங்குவது பழைய பேட்டரிகளிலிருந்து மீட்டெடுத்த மறுசுழற்சி ஈயம். அந்த ஆலை மூடியதால் குண்டு விலை ஏறவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கொள்முதலை நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. வாங்கிய அளவு முந்தைய ஆண்டுகளைவிடக் கூடியிருக்கவில்லை.

அப்படியானால் 2013இல் அலமாரியைக் காலி செய்தது யார்? நாம்தான். 2012 டிசம்பரில் நடந்த பள்ளிப் படுகொலைக்குப் பிறகு சட்டம் வரும் என்ற அச்சத்தில் ஒரு பெட்டி வாங்குபவர் பத்துப் பெட்டி வாங்கினார். பத்துப் பெட்டி வாங்குபவரைப் பார்த்து, வாங்க நினைக்காதவரும் இரண்டு வாங்கினார். .22 ரிம்ஃபயர் தோட்டா இரண்டு ஆண்டுகளுக்குக் கண்ணில் படவில்லை. அதை ரீலோட் செய்யவும் நடைமுறையில் வழியில்லை, ஏனெனில் அதன் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. தனிப் பிரைமர் என்று எதுவும் இல்லை.

அண்மைய பவுடர் தட்டுப்பாடு மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. புகையில்லாப் பவுடருக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதற்கு அடிப்படை பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறுநார். உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கிக் குண்டுகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் அள்ளிச் செல்லப்பட்டது. 2024இல் அலையன்ட் நிறுவனம் சில பவுடர் வகைகளின் சில்லறை விற்பனையை நிறுத்தி வைத்தது. நாம் அமெரிக்கப் பெயரில் வாங்கும் ஹாட்ஜ்டன் பவுடர்கள் பல ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்யப்படுபவை. விட்டாவோரி பவுடர் பின்லாந்திலிருந்து வருகிறது. வீட்டுப் பின்கட்டில் தற்சார்பு என்று நாம் பெருமைப்படும் மேசைமேல் மூன்று கண்டங்களின் சரக்கு நிற்கிறது.

பதிவு 6 – ஏரிக்கரை

பிரைமர்தான் சிக்கல் என்றால், சுட்ட பிரைமரின் கிண்ணத்தை நிமிர்த்தி, வீட்டிலேயே கலவை செய்து நிரப்பும் காணொளிகள் வருகின்றனவே. உண்மையான நெருக்கடியில் அதுவும் ஒரு வழி இல்லையா?

பதிவு 7 – வேதிக்கூடம்

இல்லை. நான் வேதியியல் படித்துப் பிழைப்பவன் என்பதால் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். பிரைமர் கலவை என்பது முதன்மை வெடிபொருள். பவுடரைப் போல எரிவது அல்ல, அடித்தால் வெடிப்பது. ஆலையில் கற்றவர்கள் கவசத்துக்குப் பின்னால் நின்று ஈரமாகவே கையாளும் ஒன்றைச் சமையலறை மேசையில் உலரவைப்பவர் இழக்கப்போவது விரல்களையும் கண்களையும். மருத்துவமனைக்குப் போவதே அரிதாகும் ஒரு நெருக்கடிக்குத் தயாராகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும் வேலையை நாமே செய்வதில் எனக்கு எந்தத் தருக்கமும் தெரியவில்லை. செய்முறை எதையும் தயவுசெய்து இங்கே ஒட்டாதீர்கள்.

சேமிப்புக்கு வருகிறேன், ஏனெனில் இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் நெறிமுறையைத்தான் பல மாநிலங்களும் ஊராட்சிகளும் அடியொற்றுகின்றன. அதன்படி வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லாப் பவுடரை அதன் மூலக் கலன்களிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் 50 பவுண்டு வரை என்றால், ஓர் அங்குலத் தடிமன் உள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. உங்கள் ஊரின் விதி இதைவிட இறுக்கமாக இருக்கலாம் என்பதால் தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மரப்பெட்டி எதற்கு என்று பலர் வியக்கிறார்கள். புகையில்லாப் பவுடர் திறந்த வெளியில் பற்றினால் சீறி எரியுமே ஒழிய வெடிக்காது. அடைபட்ட இடத்தில் பற்றினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். மரப்பெட்டி எளிதில் பிரிந்து அழுத்தத்தை விட்டுவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று இரும்புப் பெட்டகத்தில் பவுடரைப் பூட்டி வைப்பவர், தம்மை அறியாமல் ஒரு பெரிய வெடிகலனைச் செய்து வைக்கிறார். நிறைவு செய்த தோட்டாக்களின் கதை வேறு. துப்பாக்கிக்குள் இல்லாத தோட்டா தீயில் வெடித்தால், கூடு கிழிந்து துண்டுகள் பறக்கும். ஆனால் குண்டைப் பிடித்துத் தள்ளத் துப்பாக்கியின் அறை இல்லாததால் அது சுட்ட வேகத்தில் பாயாது. தீயணைப்பு வீரரின் கவச உடையே அந்தத் துண்டுகளைத் தாங்கும்.

பவுடர் கெட்டுவிட்டதா என்பதற்கு மூக்கே போதும். நல்ல பவுடரில் லேசான ஈதர் வாசனை இருக்கும். சென்ற ஆண்டு ஒரு முதியவரின் கொட்டகையைக் காலி செய்ய உதவியபோது, வெயில் படும் சன்னலோரத்தில் இருந்த ஒரு தகரக் கலனைத் திறந்தேன். புளித்த காடியைப் போல மூக்கைத் துளைக்கும் அமில நெடி. மேலே துருப்பொடி தூவியதுபோல் செம்பழுப்புத் தூசி. மூடியின் உட்புறம் அரித்துப் போயிருந்தது. பவுடருக்குள் இருக்கும் நிலைப்படுத்தி தீர்ந்துபோய், அது தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அதே கொட்டகையின் இருண்ட நிலவறையில், அதைவிடப் பழைய கலன் ஒன்று குறையில்லாமல் இருந்தது. பவுடரைக் கெடுத்தது வயதைவிட வெப்பம்தான்.

பதிவு 8 – பித்தளைக்காரர்

வேதிக்கூடம் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் வைக்கிறேன். தட்டுப்பாடு பொருளோடு நிற்பதில்லை. அது நம் பொறுமையையும் குறைக்கிறது. நான் செய்த மிகப் பெரிய தவறு அப்படி ஒரு காலத்தில்தான் நடந்தது.

2021 மார்ச் என்று நினைவு. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் பவுடர் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது, குறைந்த அளவிலேயே நிறைய அழுத்தம் தரும் வேகமான பவுடர் ஒன்று. ஒரு பவுண்டில் நிறையத் தோட்டா வரும் என்று மகிழ்ந்து வாங்கினேன். அதன் அளவு நாலரைக் கிரெய்னுக்கும் குறைவு. நம் பழைய கணக்கில் சொன்னால் இரண்டரைக் குன்றிமணி எடைகூட வராது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் தெரியும். அதே கூட்டில் இருமடங்கு போட்டாலும் வழியாமல் அடங்கிவிடும் என்பதுதான் அந்தப் பவுடரின் ஆபத்து. பழைய பவுடர் பருமனானது. இருமடங்கு விழுந்தால் கூட்டை நிறைத்துக்கொண்டு வெளியே வழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும்.

பாதி வேலையில் கைபேசி ஒலித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, எந்தக் கூட்டில் நிறுத்தினேன் என்று பார்க்காமல் நெம்புகோலை இழுத்தேன். மறுவாரம் களத்தில் பதினேழாவதோ பதினெட்டாவதோ தோட்டாவில் வழக்கமான அடி வரவில்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டதுபோல் ‘பொத்’ என்று ஓர் ஒலி, கையில் உதைப்பே இல்லை. என் விரல் அடுத்த தோட்டாவுக்குத் தயாராகத்தான் இருந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற பெரியவர் ‘நிறுத்துங்கள்’ என்று கத்தினார். துப்பாக்கியைக் காலி செய்து, குழாயில் துப்புரவுக் கம்பியை விட்டுப் பார்த்தபோது மூன்று அங்குலத்தில் கம்பி முட்டி நின்றது. பவுடர் விழாத தோட்டா அது. பிரைமரின் வலிமை மட்டும் குண்டைக் குழாய்க்குள் தள்ளி, நடுவழியில் விட்டுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் பிளந்திருக்கும்.

ஒரு கூட்டில் பவுடர் விழவில்லை என்றால், இன்னொன்றில் இருமுறை விழுந்திருக்கக்கூடும். அந்தத் தொகுதியில் மீதி இருந்த 180 தோட்டாக்களையும் அன்றிரவே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதில் ஒன்றில் ஏறத்தாழ ஒன்பது கிரெய்ன் இருந்தது. அந்தத் தோட்டாவின் கூடு இன்னும் என் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டவை சில உண்டு. கூடுகளை ஐம்பது குழி உள்ள மரத்தட்டில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஐம்பதையும் ஒரே பார்வையில் பார்க்கிறேன். மேசைமேல் ஒரே ஒரு பவுடர் கலன்தான் இருக்கும். கைபேசி வேறு அறையில் இருக்கும். அளவுகளைப் பவுடர் நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்கிறேன். இணையத்தில் யாரோ சொன்னதிலிருந்து, நான் சொல்வதிலிருந்தும்கூட, எடுக்காதீர்கள்.

பதிவு 9 – மலைச்சாரல்

கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது பற்றி ஒரு கேள்வி. கைத்துப்பாக்கிக்குரிய சிறு பிரைமர் கிடைக்காதபோது, சிறு ரைஃபிள் பிரைமரைப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். அது சரியா?

பதிவு 10 – கணக்கன்

சிறு வகை இரண்டும் அளவில் ஒன்றே, இரண்டும் 0.175 அங்குல விட்டம். ரைஃபிள் வகையின் கிண்ணத் தகடு தடிமனானது என்பதால், அடிக்கும் ஊசி பலவீனமான துப்பாக்கியில் அது பற்றாமல் போகலாம். பற்றினாலும் அழுத்தம் மாறலாம். அதனால் பவுடர் அளவைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகவே ஏற வேண்டும். பலர் செய்கிறார்கள், நானும் 2021இல் செய்தேன், பெருமைக்குரிய செயல் என்று சொல்ல மாட்டேன். பெரிய வகையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரைவிட உயரமானது. கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கி பூட்டும்போதே வெடிக்கக்கூடும்.

பதிவு 11 – கரையோரம்

இத்தனை பதிவுகளையும் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மெக்சிகோ வளைகுடாக் கரையில் வசிப்பவன். புயலுக்காக வீட்டைவிட்டு இரண்டு முறை வெளியேறியிருக்கிறேன். ஒரு முறை பதினொரு நாள் மின்சாரம் இல்லாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாளில் எனக்கு ஒரு தோட்டாகூடத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தண்ணீர்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது கூட்டாட்சி அவசரகால அமைப்பு சொல்லும் கணக்கு. நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் 56 கேலன். எடையில் 460 பவுண்டுக்கு மேல். 600 பிரைமரா 6,000 பிரைமரா என்று விவாதிக்கும் வீடுகளில், எத்தனை வீட்டில் 56 கேலன் தண்ணீர் இருக்கிறது?

நான் தண்ணீர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவன்தான். பீப்பாய் நிறைய வைத்திருந்தேன். தீர்ந்தால் சுத்திகரிக்க ஒரு குடுவை பிளீச்சும் வைத்திருந்தேன். எட்டாம் நாள் அதைத் திறந்தபோது வாடையே இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் வாங்கி, வெந்து கிடக்கும் கார்க் கொட்டகையில் வைத்தது. பிளீச்சின் வீரியம் ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் இறங்கத் தொடங்கிவிடும் என்பதும், வெப்பம் அதை விரைவுபடுத்தும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மீதி நாள்களுக்கு எரிவாயு அடுப்பில் காய்ச்சித்தான் குடித்தோம்; அந்த எரிவாயுவைச் சமையலுக்கென்று எண்ணி வைத்திருந்தேன்.

பதிவு 12 – பித்தளைக்காரர்

கோபம் எதற்கு? எங்கள் அச்சாணியை நீங்கள் உங்கள் கொட்டகையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். 55 கேலன் பீப்பாய்க்கு அந்த ஒரு குடுவை பிளீச்தான் பிரைமர். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை நாம் எண்ணி வைக்கிறோம். அதை வேலை செய்ய வைக்கும் சிறு பொருளை எண்ணுவதில்லை. ஐம்பது டப்பா உணவு வைத்திருக்கும் வீட்டில் டப்பா திறப்பான் ஒன்றே ஒன்று, அதுவும் மின்சாரத்தில் ஓடுவது. மின்னாக்கி இருக்கிறது, அதற்கு மாற்று எண்ணெய் இல்லை. இன்சுலின் இருக்கிறது, குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் இல்லை.

ஒன்றில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். ரீலோடிங்கை நெருக்கடிக்கான ஆயத்தம் என்று பார்ப்பதால்தான் உங்களுக்கு அது வீணாகத் தெரிகிறது. அது புயலுக்கானது அல்ல. விலை ஏறி இறங்கும் சாதாரண ஆண்டுகளுக்கானது. மலிவான காலத்தில் வாங்கி, விலை ஏறிய காலத்திலும் பயிற்சியை நிறுத்தாமல் இருக்க உதவுகிறது. 2013இலும் 2021இலும் நான் மாதம் இருமுறை களத்துக்குப் போனேன். அவ்வளவுதான் அது எனக்குக் கொடுத்தது. அதற்குமேல் கேட்டால் அது கொடுக்காது.

பதிவு 13 – வேதிக்கூடம்

ஈயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டு வார்ப்பதைவிட, சுட்ட கூடுகளை உலர்முறையில் உருட்டித் துலக்கும்போது எழும் தூசிதான் பல வீடுகளில் ஈயத்தின் முதல் வாயில். பிரைமரின் எச்சம் அதில் இருக்கிறது. தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டுத் துலக்கினால் தூசி எழாது. அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வார்ப்பவர்கள் பழைய சக்கர எடைக்கட்டிகளை உருக்கும்போது கவனிக்க வேண்டியது, இப்போது அவற்றில் பல துத்தநாகம் என்பது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகம் 420 வேண்டும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு இடையில் நிறுத்தினால், துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். ஈரமான கட்டியை உருகிய ஈயத்தில் போட்டால், நீர் ஆவியாகி ஈயத்தை உங்கள் முகத்தில் தெறிக்க வைக்கும்.

பதிவு 14 – நெறியாளர்

இழை அமெரிக்கச் சட்டச் சூழலை ஒட்டியது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவும். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோட் செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை; விற்பனைக்குச் செய்தால் உரிமம் வேண்டும்; மாநில விதிகள் தனி. வேறு நாடுகளில் உரிமம் இல்லாமல் இதைத் தொடுவதே குற்றமாகலாம்.

பதிவு 15 – புதுத்தராசு

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் கொட்டகையில்தான் இருந்தேன். வெப்பமான அந்த இடத்திலிருந்து பவுடர் கலன்கள் நான்கையும் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு மாற்றினேன். அவற்றை இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. பிரைமர் 5,000 ஆகும் வரை குண்டு வாங்குவதை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஆபத்தான சரக்குக்கான அனுப்புக் கட்டணம் ஒவ்வோர் ஆர்டருக்கும் தனியாக விழும் என்பதால், களத்து நண்பர்கள் மூவரோடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம்.

குறிப்பேட்டில் இரண்டு பத்தி பிரித்திருக்கிறேன். இடப் பக்கம் இருக்கும் பொருள். வலப் பக்கம் அது எது இல்லாமல் வேலை செய்யாது என்பது. தோட்டாவுக்கு எதிரே பிரைமர், பீப்பாய்க்கு எதிரே வாங்கிய தேதியோடு பிளீச், விளக்குக்கு எதிரே பேட்டரி என்று எழுதிக்கொண்டே போனேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் தன் கையால் மூக்குக்கண்ணாடி என்று எழுதி, எதிரே ‘இன்னொன்று’ என்று சேர்த்தாள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது இல்லாமல் தராசின் முள்ளைக்கூட என்னால் படிக்க முடியாது. திங்கட்கிழமை கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.